தண்ணீர் குடிக்காத வண்டி

என்னை அழைத்துப்போக வந்த வண்டியையே நான் தள்ள வேண்டியதாயிற்று. கொழும்பிலிருந்து ஒரு பெட்டி நிறையக் கருவிகளும் உதிரிப் பாகங்களும் சுமந்துகொண்டு, அந்த வண்டியைச் சரிபார்க்கத்தான் கடல் கடந்து வந்திருந்தேன். நாகர்கோவிலைத் தாண்டிச் சிறிது தூரம் போவதற்குள் அது இருமியது, குலுங்கியது, நின்றுவிட்டது. டிரைவர் லாசர் இறங்கி, குற்றம் தன்னுடையது என்பதுபோல் என்னைப் பார்த்தார்.

"இதாக்கும் அண்ணாச்சி இதுக்க சோக்கேடு. கொஞ்ச நேரம் கழிஞ்சா தானே ஓடும். எப்பம் நிக்கும்னுதான் சொல்ல முடியாது."

அது ஜெர்மன்காரன் செய்த சிறிய வண்டி. எஞ்சின் பின்னால் இருக்கும். முன்மூடியைத் திறந்தால் பெட்ரோல் தொட்டியும் ஸ்டெப்னியும்தான். ரேடியேட்டர் கிடையாது, விசிறி அடிக்கும் காற்றிலேயே எஞ்சின் சூடு தணிந்துகொள்ளும். கொழும்பில் எங்கள் கராஜில் இந்த ரக வண்டிகளுக்கு நான்தான் வைத்தியன். இங்கே புதுக்கடை என்ற ஊரில் மருத்துவம் பார்க்கும் டாக்டர் எஸ்தர் அம்மாளுக்காக, கொழும்பில் வியாபாரம் செய்யும் அவருடைய அண்ணன் எங்களிடம் வாங்கி அனுப்பிய வண்டி இது. ஒரு வருஷம் ஒழுங்காக ஓடியது. இப்போது நினைத்த இடத்தில் நிற்கிறது என்று தகவல். அண்ணன்காரர் தினமும் வந்து எங்கள் முதலாளியின் மேசைக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டார். அவரைச் சமாளிப்பதைவிட என்னை அனுப்புவது முதலாளிக்குச் சுலபமாகத் தெரிந்தது.

வண்டியை ஒரு புளியமரத்தடிக்குத் தள்ளி முடிப்பதற்குள் எதிர்வீட்டிலிருந்து ஒரு பெண் இடுப்பில் குடத்தோடு வந்தாள். "வண்டிக்கு வெள்ளம்" என்று சொல்லிக் குடத்தை இறக்கினாள். இந்தப் பக்கத்தில் குடிக்கிற தண்ணீருக்கே வெள்ளம் என்றுதான் பேர். லாசர் வேண்டாம் என்றார். அவள் போகவில்லை. இந்த வண்டிக்குத் தண்ணீரே தேவையில்லை என்று நானும் என் கொழும்புத் தமிழில் விளக்கினேன். அவள் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள்.

"வெள்ளம் குடிக்காத வண்டியா? அதான் நின்னுட்டு" என்றாள்.

பிறகு லாசர் சொல்லித்தான் விஷயம் புரிந்தது. இங்கே ரோடு ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். பஸ்கள் ஏற்றம் ஏறியதும் கொதித்து ஆவி கக்கும். அதனால் ஒவ்வொரு ஏற்றத்தின் தலையிலும் பஸ்ஸுக்கென்று ஒரு வீடு உண்டு. ஹாரன் அடித்தால் அந்த வீட்டிலிருந்து குடம் வந்துவிடும். கூலி எதுவும் கிடையாது. மனிதனுக்குத் தாகத்துக்குக் கொடுப்பதுபோல்தான் வண்டிக்கும். வாசலில் வண்டி நிற்கும்போது தண்ணீர் கொடுக்காமல் உள்ளே இருந்துவிட்டால் அது பெரிய மரியாதைக் குறைவு. கொழும்பில் கார் நின்றால் பின்னால் வருகிறவன் ஹாரன் அடித்தே நம்மைக் கொன்றுவிடுவான். இங்கே ஹாரன் அடித்தால் குடம் வருகிறது. எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. புதுக்கடை போய்ச் சேர்வதற்குள் இன்னும் இரண்டு இடத்தில் நின்று, இன்னும் இரண்டு குடங்களுக்கு விளக்கம் சொல்லி வாய் வலித்தபிறகு சிரிப்பு போய்விட்டது.

கடைசியாக நின்ற இடத்தில் பின்மூடியைத் திறந்து, பொறிக்கு மின்சாரம் தரும் காயிலைத் தொட்டுப் பார்த்தேன். நன்றாகச் சூடாக இருந்தது. சூட்டில் மயங்கி, ஆறியதும் தெளிகிற காயில்கள் உண்டு. நின்றுவிட்டுத் தானே ஓடுவதற்கு அதைவிட நல்ல காரணம் இருக்க முடியாது. என் பெட்டியில் புதுக் காயில் இருந்தது. அரை நாள் வேலை என்று மனத்துக்குள் முடிவு கட்டிவிட்டேன். முன்மூடியைப் பூட்டும் கம்பி அறுந்துபோய் அதை லாசர் ஒரு துண்டுக் கயிற்றால் கட்டி வைத்திருந்ததையும் பார்த்தேன். அதற்கு அவசரமில்லை என்று விட்டேன்.

புதுக்கடை ஒரு சந்தை ஊர். திருவிதாங்கூர்-கொச்சி ராஜ்யத்தில் இருக்கிறது. கடைப் பலகைகளில் பாதி மலையாளம். அதற்குப் பக்கத்துச் சுவரிலேயே தமிழ்நாட்டோடு சேர வேண்டும் என்று கரியில் பெரிதாக எழுதியிருந்தது. டாக்டர் எஸ்தர் வாசலில் நின்று என்னை வரவேற்றார். நாற்பது வயதிருக்கும். நறுக்கென்று பேசுகிறவர். நான் உட்காருவதற்கு முன்பே கேட்டார்.

"வியாழக்கிழமைக்குள்ள சரியாகுமா?"

ஏன் வியாழக்கிழமை என்று கேட்டேன். வியாழன்தோறும் அவர் அருமனைக்குப் போகிறார். அங்கே ரப்பர்த் தோட்டங்களுக்கு நடுவே ஒரு ஓலைக் கொட்டகையில் உட்கார்ந்து, சுற்றுவட்டாரத்துப் பெண்களைப் பார்க்கிறார். கடந்த இரண்டு வியாழனும் வண்டி பாதி வழியில் நின்றுவிட்டது.

"பாக்கியம்னு ஒரு பொண்ணு. தலைப்பிள்ளை, மாசம் ஆயாச்சு. காலு ரெண்டும் நீரா வீங்கிக் கெடக்கு. பிரஷரும் ஏறிட்டே போவுது. வாராவாரம் பார்த்தே ஆவணும். ரெண்டு வாரமா பார்க்கல."

பஸ்ஸில் போகலாமே என்றேன்.

"போனேன். வண்டி நின்ன எடத்துலயிருந்து பஸ் புடிச்சுப் போய்ச் சேரும்போ ஆளுக ஒக்க கலஞ்சு போயாச்சு. இனி அவள ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவணும்னு வந்தா, பஸ்ஸிலயா தூக்கிட்டு ஓட முடியும்? வண்டிய நம்பலாம்னா அருமனைக்குப் போவேன். நம்ப முடியாதுன்னா அந்தக் கொட்டகைய மூடிருவேன். பாதியில நிக்கிற டாக்டர நம்பி ஒரு பொண்ணு காத்துக் கெடக்கப்பிடாது."

காயில் மாற்றினால் போதும், கவலைப்படாதீர்கள் என்று சொன்னேன். மத்தியானம் மரச்சீனி அவித்ததும் சாளை மீன் கறியும் போட்டார்கள். நாங்கள் மரவள்ளி என்கிறதைத்தான் இங்கே மரச்சீனி என்கிறார்கள். கறி காரம் என்றால் அப்படிக் காரம். ஆனாலும் கை நிற்கவில்லை. சமையல்கார அம்மாள் மறுபடி கொண்டுவந்தார். போதும் என்றேன். போட்டார். போதவே போதும் என்று இலைமேல் கையை வைத்தேன். விரல்களுக்கு மேலேயே போட்டார். லாசர் சிரித்தார்.

"இங்க வேண்டாம்னா 'தா'ன்னுதான் அர்த்தம் அண்ணாச்சி. நெசமாவே வேண்டாம்னா எந்திரிச்சு ஓடணும்."

செவ்வாய்க்கிழமை காலையில் காயிலை மாற்றினேன். கையோடு கண்டென்சரையும் பாயிண்ட்டையும் மாற்றினேன். பழைய பாயிண்ட்டில் பச்சை பூத்திருந்தது. கடல் காற்று. இந்த ரக வண்டியில் பேட்டரி ஆறு வோல்ட்தான். பாயிண்ட்டில் கொஞ்சம் துரு பிடித்தாலும் பொறி சோர்ந்து போகும். வயர் முனைகளையெல்லாம் சுரண்டி இறுக்கினேன். வண்டி பூனைக்குட்டிபோல் உறுமியது. ஓட்டிப் பார்ப்பதற்கு எங்கேயாவது போகலாம் என்றேன். லாசர் தன் ஊரான குளச்சலுக்கு ஓட்டினார்.

குளச்சல் கரையில் மீனைக் குவித்து ஏலம் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஏலம் போடுகிறவர் பாடுகிறாரா, திட்டுகிறாரா என்று எனக்குப் பிரித்தறிய முடியவில்லை. கொழும்பு மீன் சந்தையிலும் சத்தம் உண்டு. ஆனால் இங்கே சத்தத்துக்கே ஒரு ராகம் இருக்கிறது. வண்டியைப் பார்த்ததும் வலையை உதறிக்கொண்டிருந்த ஒருவர் வந்தார். லாசரின் அண்ணன் அவர்.

"எங்க லாசருக்குக் கட்டுமரத்துல கால் வச்சாலே கொடலு வெளிய வந்துரும்" என்று என்னிடம் சொன்னார். "எங்க குடும்பத்துல கடலுக்குப் போவாத மொத ஆம்பிள இவனாக்கும். வண்டி ஓட்டத்தான் லாயக்கு. அதுவும் நிக்கிற வண்டி."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். லாசரும் சிரித்தார். ஆனால் திரும்பி வரும்போது சாலையை விட்டுக் கண்ணை எடுக்காமலே ஓட்டினார். பிறகு, "இந்த வேலயும் போச்சுன்னா எனக்குக் கர மட்டுந்தான் உண்டு அண்ணாச்சி. கரையில நிக்கிறவனுக்கு ஒரு சாளயும் கெடைக்காது" என்றார். அந்த நேரம் பார்த்து வண்டி இருமியது.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. வண்டிமேல்தான். இறங்கி ஒரு பிளக் வயரைக் கழற்றி எஞ்சினுக்கு அருகே பிடித்துக்கொண்டு, ஸ்டார்ட்டரை அழுத்தச் சொன்னேன். நீலமாகப் பொறி பறந்தது. மின்சாரத்தில் குற்றமில்லை. என் அரை நாள் வேலை அங்கேயே காற்றில் போயிற்று. அப்படியானால் பெட்ரோல்.

இந்த வண்டியில் பெட்ரோல் அளவு காட்டும் முள் கிடையாது. தொட்டிக்குள் இரண்டு குழாய்கள் இருக்கும். ஒன்று அடியைத் தொடாமல் உயர்ந்து நிற்கும். அன்றாட ஓட்டத்துக்கு அது. மற்றது அடிமட்டத்தில் இருக்கும். பெட்ரோல் உயரக் குழாய்க்குக் கீழே போய் வண்டி நின்றால், காலடியில் உள்ள திருகைத் திருப்ப வேண்டும். அடியில் மிச்சமிருப்பது ரிசர்வாக ஓடிவரும். தொட்டி நிறையப் போட்டிருக்கிறேன் என்று லாசர் சத்தியம் செய்தார். எதற்கும் பார்க்கலாம் என்று திருகைத் திருப்பினேன். அவ்வளவுதான். அதுவரை இருமிக்கொண்டிருந்த வண்டி ஒரேயடியாகச் செத்தது. காத்திருந்தும் பயனில்லை.

மூன்று குடங்கள் வந்தன. ஒருவர் இளநீரும் கொண்டுவந்தார்; அது வண்டிக்கா எனக்கா என்று கேட்காமல் நானே வாங்கிக் குடித்தேன். கடைசியில் வைக்கோல் இறக்கிவிட்டு வந்த ஒரு மாட்டுவண்டிக்காரரின் தயவில், கொழும்பு நிபுணன் ஜோடிக் காளைகள் இழுக்கப் புதுக்கடைக்குள் பிரவேசித்தான். சந்தை முழுவதும் வெளியே வந்து பார்த்தது.

புதன்கிழமை கார்புரேட்டரைக் கழற்றினேன். அதன் கிண்ணத்தில் இருந்ததைப் பார்க்க ஒரு கண்ணாடிப் பாத்திரம் வேண்டும் என்றேன். டாக்டர் மருந்து அளக்கும் கிளாசைக் கொடுத்தார். அதில் ஊற்றி வெளிச்சத்தில் பிடித்தேன். மேலே பெட்ரோல். கீழே, தெளிவாக, தனியாக ஒரு அடுக்கு. கிளாசைச் சாய்த்தால் அது பாதரசம்போல் உருண்டது. விரலில் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தேன்.

தண்ணீர்.

தொட்டியையே இறக்கிக் கவிழ்த்தோம். ஒரு பானை அளவுக்குத் தண்ணீர் வந்தது. இப்போது எல்லாம் விளங்கிவிட்டது. தண்ணீர் பெட்ரோலைவிடக் கனம். தொட்டிக்குள் போனால் அடியில் தங்கும். உயரக் குழாயின் வாய்க்குக் கீழே இருக்கும்வரை அது இருப்பதே தெரியாது. மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக ஏறி, வாயைத் தொட்டபிறகுதான் தொல்லை ஆரம்பித்திருக்கிறது. வளைவில் குலுங்கினால் ஒரு மடக்கு உள்ளே போகும், வண்டி நிற்கும். நிறுத்தி வைத்தால் தண்ணீர் அடங்கும், ஓடும். நான் ரிசர்வைத் திருப்பியது பச்சைத் தண்ணீரையே எஞ்சினுக்கு ஊட்டியதுபோல் ஆயிற்று. கண்டுபிடித்த சந்தோஷத்தில் இதையெல்லாம் நான் டாக்டரிடம் உற்சாகமாக விளக்கினேன். அவர் முகம் மாறுவதை நான் கவனிக்கவில்லை.

"தண்ணி எப்படி உள்ள போச்சு?" என்றார்.

மழையில் போயிருக்க முடியாது, மூடி இறுக்கமானது. யாரோ ஊற்றியிருக்க வேண்டும். இதை நான் சொல்லி முடித்தபிறகுதான் என் வாய் எவ்வளவு பெரியது என்று எனக்குத் தெரிந்தது. பெட்ரோல் டின்னை மார்த்தாண்டம் போய் வாங்கி வருபவர் லாசர். தொட்டியில் ஊற்றுபவரும் லாசர்தான். பெட்ரோலை விற்றுவிட்டுத் தண்ணீரைக் கலக்கிற டிரைவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. கொழும்பில் நானே இரண்டு பேரைப் பார்த்திருக்கிறேன்.

டாக்டர் சத்தம் போடவில்லை. லாசரைக் கூப்பிட்டுக் கிளாசைக் காட்டினார்.

"நான் செய்யல்ல அம்மா" என்றார் லாசர்.

"பின்ன யாரு செஞ்சா?"

"எனக்கு அறியாது. மாதாவாண நான் செய்யல்ல."

"நாளைக்கு அருமனைக்கு ஓட்டு. வேற ஆள் இல்ல. சனிக்கிழமைக்குப் பெறவு வரண்டாம்."

லாசர் தலையை ஆட்டிவிட்டு வெளியே போய், தொட்டியைத் துணியால் துடைக்கத் தொடங்கினார். ஏற்கெனவே துடைத்துக் காயவைத்த தொட்டி அது. நான் அருகில் உட்கார்ந்து கார்புரேட்டரின் ஊசித்துளை ஜெட்டுகளை ஊதிச் சுத்தம் செய்தேன். அவர் அப்படிச் செய்திருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை. செய்யவில்லை என்று சொல்லவும் என்னிடம் ஆதாரம் இல்லை. அன்று சாப்பாட்டில் அவியல் இருந்தது. போதும் என்று சொன்னதும் சமையல்கார அம்மாள் நிறுத்திவிட்டார். வீடே அப்படி இருந்தது.

வியாழன் காலை வண்டி ஒரு முறைகூட இருமாமல் அருமனைக்குப் போய்ச் சேர்ந்தது. இருபுறமும் ரப்பர் மரங்கள். ஒவ்வொரு மரத்திலும் பால் வடியும் தேங்காய்ச் சிரட்டை கட்டியிருந்தது. எங்கள் களுத்துறைப் பக்கத்துத் தோட்டங்களேதான், மண் மட்டும் இன்னும் சிவப்பு. இந்தக் காட்சியில் என் மனம் கொஞ்சம் அடங்கியது. ஆனால் கொட்டகையில் நாலைந்து பேர்தான் இருந்தார்கள். வண்டி வராது என்று மற்றவர்கள் வீட்டிலேயே இருந்துவிட்டார்கள்.

எதிரே சாயாக்கடையில் லாசரும் நானும் உட்கார்ந்தோம். பெஞ்சில் இரண்டு பேர் எங்கள் வண்டியைப் பார்த்து மலையாளத்தில் பேசிக்கொண்டார்கள். என்ன சொல்கிறார்கள் என்று லாசரிடம் கேட்டேன். "இந்த வண்டி காத்தக் குடிச்சு ஓடுமாம்னு ஒருத்தர் சொல்லுதாரு. வெறுங்காத்தக் குடிச்சா யாருதான் பாதி வழியில நிக்கமாட்டான்னு மத்தவரு சொல்லுதாரு" என்று லாசர் சொன்னார். அந்த வாரத்தில் அவர் சிரித்ததை அப்போதுதான் மறுபடியும் பார்த்தேன்.

பாக்கியம் அப்போது வந்தாள். கணவனின் தோளைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு அடியாக வைத்து வந்தாள். முகமும் வீங்கியிருந்தது. கண்ணுக்கு முன்னால் ஏதோ பூச்சி பறக்கிறமாதிரி இருக்கிறது, காலையிலிருந்து தலை பிளக்கிறது என்று டாக்டரிடம் சொல்வது எங்களுக்கே கேட்டது. டாக்டர் அவளை உள்ளே கூட்டிப்போய்ப் படுதாவை இழுத்துவிட்டார். கணவன் தவசிமுத்து வெளியே நின்றான். ரப்பர் மரத்தில் பால் வெட்டும் தொழிலாளி. நெற்றியில் ஒற்றை வெள்ளை நாமம். கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் நின்றான். பிறகு கிணற்றடிக்குப் போய் ஒரு செம்பில் தண்ணீர் மொண்டுகொண்டு வண்டியை நோக்கி நடந்தான்.

நான் சாயாவைக் குடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தேன். மறுபடியும் ஒரு விளக்கம் சொல்ல வேண்டும் என்று அலுப்பாக இருந்தது. தவசிமுத்து வண்டிக்கு முன்னால் நின்றான். பழகிய கையால் கயிற்றை அவிழ்த்தான். முன்மூடியைத் தூக்கினான். "ஐயா உண்டு" என்று தன் சாமியை நினைத்து முணுமுணுத்துக்கொண்டே பெட்ரோல் தொட்டியின் மூடியைத் திருகித் திறந்தான்.

நான் சாயா கிளாசைப் போட்டுவிட்டு ஓடினேன். கையைப் பிடிப்பதற்குள் பாதிச் செம்பு உள்ளே போய்விட்டது.

"என்ன செய்றீங்க?"

"வண்டிக்கு வெள்ளம் ஊத்துதேன்" என்றான், ஆச்சரியமாக. "லாசரண்ணன் சாயா குடிச்சிட்டு அசந்து கெடக்கும்போ எப்பவும் நாந்தான் ஊத்துவேன். பஸ்ஸுக்கு முன்னாலதான ஊத்துவாவ. இது ரொம்பக் குடிக்காது. ஒரு செம்பு போதும்."

"யாரிடமாவது கேட்டீங்களா?"

"கேட்டா வேண்டாம்னுதான சொல்லுவாவ? உபசாரத்துக்கு எல்லாவரும் அப்படித்தான சொல்லுவாவ. டாக்டரம்மா எனக்க பாக்கியத்துக்காக இவ்வளவு தூரம் வாறாவ. வண்டி வழியில நிக்கப்பிடாதுல்லா? அதனால அவிய போறதுக்கு முன்ன ஊத்தி வச்சிருவேன்."

பெட்ரோல் வாசம் அடிக்கவில்லையா என்று கேட்டேன். கார் என்றால் அந்த மணம்தானே இருக்கும் என்றான்.

லாசர் பின்னால் வந்து நின்றார். அவர் கத்தியிருந்தாலும், அந்தச் செம்பைப் பிடுங்கி எறிந்திருந்தாலும் நான் தடுத்திருக்கமாட்டேன். அப்போது டாக்டர் படுதாவை விலக்கிக்கொண்டு வந்தார்.

"இவள இப்பமே கொண்டு போவணும். மிஷன் ஆஸ்பத்திரிக்கு. வழியில வலிப்பு வந்தா என் கையில ஒண்ணும் இல்ல. வண்டி நிக்காம ஓடுமா?"

கேள்வி என்னைப் பார்த்து. கொஞ்சம் பொறுங்கள், ஓடும் என்று சொன்னேன். தொட்டிக்கு அடியில் உள்ள குழாயைக் கழற்றினேன். சாயாக்கடைக்காரரிடம் ஒரு சிரட்டை கேட்டேன். தவசிமுத்துதான் அதை வாங்கிவந்து குழாய்க்குக் கீழே பிடித்தான். முதலில் தண்ணீர் வந்தது. பிறகு பெட்ரோலும் தண்ணீரும் கலந்து முத்து முத்தாக வந்தது. பிறகு சுத்தமான பெட்ரோல். அவன் சிரட்டைக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தான்.

"கீழ நிக்குது... இது நான் ஊத்துன வெள்ளமா?"

நான் குழாயைத் திரும்ப மாட்டினேன்.

"இதுனாலயா வண்டி ரெண்டு வியாழனும் வராம நின்னுச்சு?"

சிரட்டை அவன் கையில் சாய்ந்து, பெட்ரோல் விரல்வழியே சிந்தியது. லாசர் குனிந்து அவன் கையிலிருந்து அதை வாங்கி ஓரமாகக் கவிழ்த்தார். "ஏறும் வே. முன்னால இரியும். வண்டி போவும்" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

லாசர் ஓட்டினார். தவசிமுத்து பக்கத்தில் உட்கார்ந்தான். வெறும் செம்பு மடியில் இருந்தது. பின்னால் டாக்டரின் தோளில் பாக்கியம் சாய்ந்திருந்தாள். எனக்கு இடமில்லை. பின் இருக்கைக்குப் பின்னால் சாமான் வைக்கிற பள்ளத்தில் மடங்கிக் கிடந்தேன். எஞ்சினுக்கு நேர் மேலே. என் வாழ்க்கையில் ஓர் எஞ்சினின் சத்தத்தை அத்தனை கவனமாகக் கேட்டதில்லை. ஒவ்வொரு வளைவிலும் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். அது இருமவில்லை.

பாதி வழியில் தவசிமுத்து திரும்பாமலே சொன்னான். "டாக்டரம்மா. பெட்ரோல்ல வெள்ளம் ஊத்துனது நானாக்கும். லாசரண்ணன் இல்ல. நான் ஒண்ணும் அறியாம ஊத்துனேன்."

டாக்டர் பாக்கியத்தின் நாடியைப் பிடித்தபடி இருந்தார். ஓர் ஏற்றத்தின் தலையில், வழக்கம்போல் ஒரு பெண் குடத்தோடு வாசலில் நின்றாள். நாங்கள் நிற்காமல் போனோம்.

"லாசர்" என்றார் டாக்டர்.

"அம்மா."

"அந்த வளைவுல குழி உண்டு. பார்த்துப் போ. திங்கக்கிழமை மார்த்தாண்டம் போய் பெட்ரோல் வாங்கணும். நீயே போய் வாங்கிட்டு வா."

"சரி அம்மா" என்றார் லாசர். அவருடைய பிடரி மட்டும்தான் எனக்குத் தெரிந்தது. அவர் முகத்தைப் பார்க்க வேண்டும்போல் இருந்தது.

ஆஸ்பத்திரியில் பாக்கியத்தை உள்ளே கொண்டுபோனார்கள். டாக்டர் எஸ்தரும் கூடவே போய்விட்டார். நாங்கள் மூன்று பேரும் வாசல் வராந்தாவில் இருந்தோம். சாப்பிடுங்கள் என்று லாசர் தவசிமுத்துவுக்கு ரசவடை வாங்கிக் கொடுத்தார்; வேண்டாம் என்றான். லாசர் மறுபடி கொடுத்தார். அவன் எழுந்து தூரப் போய் நின்றுகொண்டான். அவன் நிஜமாகவே வேண்டாம் என்கிறான் என்று அப்போது புரிந்தது. என்னாலும் சாப்பிட முடியவில்லை. அந்த இரண்டு வியாழனை நினைத்துக்கொண்டே அவன் தரையைப் பார்த்திருந்தான். கார்புரேட்டரைப் பற்றி எவ்வளவோ தெரிந்தவன் நான். அந்த மனிதனுக்குச் சொல்ல ஒரு வார்த்தை என்னிடம் இல்லை.

மறுநாள் பொழுது விடிந்து வெயில் வராந்தாவுக்குள் வந்தபிறகு டாக்டர் எஸ்தர் வெளியே வந்தார். முதல்நாள் கட்டிய அதே சேலை. முகம் களைத்துப்போயிருந்தது.

"பெண்பிள்ளை" என்றார். "சின்னது. ஆனா நல்லா அழுவுது. தாயும் நல்லா இருக்கா. இன்னும் ஒரு நாள் கழிஞ்சிருந்தா ரெண்டும் இல்ல."

தவசிமுத்து கையெடுத்துக் கும்பிட்டான். உள்ளே போவான் என்று நினைத்தேன். போகவில்லை. முற்றத்துக் குழாயடிக்குப் போய்ச் செம்பு நிறையத் தண்ணீர் பிடித்துக்கொண்டு வண்டிக்கு அருகே வந்தான். முன்மூடியின் கயிற்றைப் பார்த்தான். அதைத் தொடவில்லை. செம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு என்னிடம் திரும்பினான்.

அந்த வாரம் முழுவதும் வந்த குடங்களையெல்லாம் வேண்டாம் என்று திருப்பி அனுப்பியவன் நான். இந்த வண்டிக்குத் தண்ணீர் தேவையில்லை என்று சொல்வதற்கு வாயைத் திறந்தேன்.

"வெள்ளம் எங்க ஊத்தணும்?" என்று கேட்டான்.

அருமனைச் செம்மண் அப்பிக் கிடந்த சக்கரங்களைக் காட்டினேன். அவன் ஒவ்வொன்றாகக் கழுவினான்.